கேட்டுச் சொன்னவள்

'வேளாவேளைக்குக் காபி கொடுத்து என் எழுத்துப் பணிக்கு உறுதுணையாக நின்ற என் இல்லத்தரசிக்கு' என்று அச்சாகியிருந்தது. சலேத்மேரி அந்த வரியை மூன்றாம் தடவையாகப் படித்தாள். மூன்றாம் தடவையும் அதேதான் இருந்தது, எழுத்து ஒன்றும் மாறிவிடவில்லை. புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தாள். 'கோலும் தோலும்: ஸ்விங் காலத்து ஜாஸ் டிரம்மர்கள்', கீழே பேராசிரியர் தைரியநாதன், பின்னட்டையில் கன்னத்தில் கைவைத்தபடி அவர் படம். அந்தக் கையைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. மறுபடி திறந்தாள். நன்றி பதினேழு பேருக்கு. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவருடைய பழைய மாணவருக்கு, அட்டை வரைந்தவருக்கு, மெய்ப்புப் பார்த்தவருக்கு, எல்லோருக்கும் பெயர் இருந்தது, இனிஷியல்கூட இருந்தது. பதினேழாவது ஆளுக்குத்தான் பெயர் இல்லை. இல்லத்தரசியாம். முப்பத்தோரு வருஷம் திருச்சி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் இல்லத்தரசியாம். அதுகூடப் போகட்டும். காபியாம். அந்த வீட்டில் காபி போடுவது யார்? காலையில் ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை ரெக்கார்டு பிளேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது யார், அடுப்படிக்குப் போய் டிகாக்ஷன் இறக்கி இரண்டு டம்ளரில் எடுத்துவந்தது யார்? அவர்தான் போடுவார். நன்றாகவே போடுவார். அப்படியென்றால் அவர் போட்ட காபியையும் இவள் கணக்கில் எழுதிவிட்டு, இவள் கேட்டதையெல்லாம் அவர் கணக்கில் எழுதிக்கொண்டாரா? காலையில் ஜிப்பாவுக்கு இஸ்திரி போடும்போதுகூட, 'புக்கு ஒண்ணு குடுங்களேன், பாக்குறேன்' என்று கேட்டாள். 'மண்டபத்துல பாத்துக்கலாம், சர்ப்ரைஸா இருக்கட்டும்' என்றார். சர்ப்ரைஸாகத்தான் இருந்தது.

மேடையில் பதிப்பாளர் இளஞ்சேரன் வரவேற்புரை என்ற பெயரில் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று, கண்டோன்மென்ட் பக்கத்துச் சின்ன மண்டபம், எண்பது நாற்காலி, அறுபது தலை. தலைக்குமேல் சுற்றிய மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இடறியது. அந்த இடறல் நான்காவது தட்டுக்குக் கொஞ்சம் பிந்தி விழுந்ததை வேறு யாராவது கவனித்தார்களா? கவனித்திருக்க மாட்டார்கள். இவள் காது அப்படிப்பட்டது. வரமா சாபமா என்று அவளே முடிவு பண்ணியதில்லை. எக்ஸ்சேஞ்சில் லைனை எடுத்ததும், எதிர்முனை வாயைத் திறக்கும் முன்பே, அந்த இரைச்சலை வைத்து இது மதுரை, இது கோலார், இது நாகப்பட்டினம் என்று சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் அம்மாள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறாள். இரண்டு பேர் பேசும்போது மூன்றாவதாக ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுக் கேட்டால்கூட இவளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதுக்கு இப்போது காபி என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கற்பகவல்லி, வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்தவரின் மனைவி, அதே பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "குடுத்து வச்சவங்கக்கா நீங்க. எங்க வீட்டுக்காரர் பதினோரு புக்கு எழுதிட்டாரு, ஒண்ணுலயாவது என்னப் பத்தி ஒரு வரி உண்டா?" என்றாள். சலேத்மேரி சிரித்துவைத்தாள். சிரித்த பிறகு ஏன் சிரித்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு வரி கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இவளும் ஒருத்தியா?

ஆரம்பத்தில் அது அவருடைய ஆசைதான், மறுக்கவில்லை. பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து கடல்தாண்டிப் பெர்த் நகரத்துக்குக் குடிபோன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுச்சென்ற ரெக்கார்டுகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார். யார் எந்த வருஷம் எந்த பேண்டில் வாசித்தார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். இவளுக்கு அந்தப் பெயர்களெல்லாம் வாயில் நுழையாது. ஆனால் அவர் ரெக்கார்டைப் போட்டுவிட்டு யார் வாசிப்பது என்று அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, காய் நறுக்கிக்கொண்டிருந்த இவள், "நேத்துப் போட்டீங்களே, அதே ஆளுதான், இன்னிக்கு இடது கை கொஞ்சம் சோம்பலா இருக்கு" என்று சொல்லிவிடுவாள். அவர் அட்டையைப் பார்த்து வாயைப் பிளப்பார். அப்போதெல்லாம் பெருமைப்பட்டார், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், அவர் காதைக் காட்டப் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற இவளுக்குக் கண்ணாடியைத் தாண்டி அந்தச் சன்னமான விசில் கேட்டது, உள்ளே இருந்த அவர் அழுத்தவில்லை. அடுத்தது இன்னும் சன்னமாக வந்தது, இவளுக்குக் கேட்டது, அவர் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் கட்டைவிரல் அவளறியாமல் பைக்குள் அழுத்திக்கொண்டிருந்தது. மேல் ஸ்தாயி போய்விட்டது, திரும்ப வராது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "செவிடன் எழுதுற சங்கீத விமர்சனம்னு சிரிப்பானுங்க, சலேத்து. யார்கிட்டயும் சொல்லாத. மாதா மேல சத்தியம் பண்ணு." பண்ணினாள். மெஷின் வாங்கவில்லை, அதைக் காதில் மாட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. அதற்குப் பதிலாக இவளை வாங்கிக்கொண்டார். சம்பளமில்லாத மெஷின், பேட்டரி போடவேண்டாம்.

அன்றிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. காலையில் ரெக்கார்டு சுழலும், அவர் மடியில் நோட்டு, கையில் பேனா. மோவாயை மேலே தூக்கி இவளைப் பார்ப்பார். 'என்ன பண்றான்?' அவ்வளவுதான் கேள்வி. இவள் சொல்வாள். இப்பத் தட்டுல அடிக்கிறான், அடிச்சிட்டு உடனே காலால மூடிட்டான். இப்ப ஓரத்துல, இப்ப நடுவுல. இப்ப அந்தக் குழல்காரன் மூச்சு வாங்குறான், அந்தச் சந்துல இவன் ஒரே ஒரு தட்டுத் தட்டினான், போதும்னு விட்டுட்டான். அவர் எழுதிக்கொள்வார். சந்தேகம் வந்தால் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து மறுபடி போடுவார், இவள் மறுபடி கேட்டுச் சொல்வாள். சில நாள் ஒரே இடம் இருபது தடவை ஓடும். இருபதாவது தடவையில் இவளுக்கு அந்த மனுஷனுடைய மூச்சுகூடக் கேட்கிற மாதிரி இருக்கும். அப்படித்தான் அவர்களை அவள் நேசிக்க ஆரம்பித்தாள், ஒவ்வொருவராக, யாரிடமும் சொல்லாமல், அறுபது வயதுக்குமேல். தேதியை அவர் வைத்துக்கொள்ளட்டும். ஆளை இவளுக்குத் தெரியும். இப்போது அந்த ஆட்களையெல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கட்டி, முந்நூற்று இருபது ரூபாய் விலை போட்டு, முன்னால் காபி ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

கைதட்டல் எழுந்தது. அவர் மைக் முன்னால் வந்து நின்றார். தோளில் பொன்னாடை, பளபளவென்று வெயிலில் காயப்போட்ட மாதிரி. பேச்சு அவருக்கு வாய்த்த கலை, அதையும் மறுக்கக் கூடாது. ஜீன் க்ரூபாவிலிருந்து தொடங்கினார். அவருக்கு எப்போதும் க்ரூபாதான். டிரம் வாசிப்பவனைப் பின்வரிசையிலிருந்து மேடையின் முன்னுக்குக் கொண்டுவந்தவர், நெற்றியில் விழும் முடி, வாயில் மெல்லும் கம், பெரிய டாம்-டாமில் இடி இறங்குவது போல வாசிப்பார் என்று கையை ஆட்டிக் காட்டினார். க்ரூபா அவருக்குப் பிடிக்கக் காரணம் உண்டு, டாம்-டாமின் கனத்த சத்தம் இன்னும் அவர் காதுக்கு எட்டுகிறது. எட்டாத சத்தமெல்லாம் இவள் பங்கு. இவளுக்கும் க்ரூபாவைப் பிடிக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. முப்பத்தேழாம் வருஷம் நியூயார்க்கில், ஹார்லத்தில், ஒரு நடன அரங்கில் இரண்டு பேண்டுகள் எதிரெதிரே மோதின. ஒருபக்கம் ஊரே கொண்டாடிய க்ரூபா. மறுபக்கம் சிக் வெப், முதுகெலும்பில் காசநோய் வந்து கூனிப்போன, நான்கடிக்குக் கொஞ்சமே மேலான மனுஷன், பெரிய பாஸ் டிரம்முக்குப் பின்னால் உயர ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால்தான் முகம் தெரியும். அந்தச் சின்ன உடம்பு வாசித்த வாசிப்பில் க்ரூபா எழுந்து நின்று தலைவணங்கினார் என்பார்கள். தன்னை வென்றவன் அவன் என்று கடைசிவரை ஊரறியச் சொன்னாராம். அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். இவர் அந்தக் கதையை இதோ மேடையில் உருக்கமாகச் சொல்கிறார், குரல் தழுதழுக்கிறது, முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைக்கிறார். சொல்லும் வாய்க்கும் எழுதிய கைக்கும் நடுவில் ஒன்றுமே ஓடாதா? க்ரூபாவின் பெருந்தன்மையைப் பாராட்டிப் பதினாறு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு பெயரை எழுதக் கை வரவில்லை. வெப்பின் கடைசி நாட்களுக்கு வந்தார். முப்பது சொச்சம் வயதில் போய்ச்சேர்ந்துவிட்டான். வலியோடு வாசித்திருப்பான். அந்த வலி எங்கே கேட்கிறது என்று இவளுக்குத் தெரியும். கேட்கவே கேட்காது, அதுதான் விஷயம், ஒரு தட்டுகூடத் தன்மேல் இரக்கப்பட்டு விழாது. அதையும் இவள்தான் சொன்னாள். நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கும், இருக்கட்டும்.

"அடுத்தது ஜோ ஜோன்ஸ்" என்றார் தைரியநாதன். "கன்சாஸ் சிட்டியில் பேஸியின் பேண்டில் வாசித்தவர். எப்போதும் சிரித்த முகம். தாளத்தைப் பாஸ் டிரம்மிலிருந்து தூக்கி ஹை-ஹேட்டுக்குக் கொண்டுபோனவர். ஹை-ஹேட் என்றால் ஒரு கம்பியில் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிய இரண்டு தட்டுகள், காலால் மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். கேளுங்கள்." இளஞ்சேரன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். பியானோ இரண்டு மூன்று துளியாக விழுந்தது, டபுள் பாஸ் கம்பி கனமாக நடந்தது. சலேத்மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது ஜோ ஜோன்ஸ் இல்லை. தட்டே இல்லை. இரண்டு கம்பி பிரஷ்கள் ஸ்நேர் டிரம்மின் தோலின்மேல் வட்டமாகத் துழாவிக்கொண்டிருந்தன, அரிசி புடைக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். இது பெரிய சிட், சிட் கேட்லெட். ஆறடிக்கு மேலே மலை மாதிரி ஆள், கை மட்டும் பூனை நடை. இவள் வரிசைப்படி எழுதிக் கொடுத்திருந்தாள், முதலாவது இது, இரண்டாவது இது என்று, பென்சிலால். இளஞ்சேரன் வந்தவுடனே, 'கொஞ்சம் மாத்திட்டேம்மா, பிரபலமானது முன்னாடி இருக்கட்டும்' என்று சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாற்றியவர் அவரிடம் சொல்லவில்லை. அவர் பியானோவைக் கேட்டார், பாஸைக் கேட்டார், மீதியை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டார். "கேட்கிறதா?" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "அந்தத் தட்டுகள் திறந்து மூடும் சத்தம் கேட்கிறதா? சூடேறிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வருமே, அது முழுசாக முடிவதற்குள் யாரோ மேலே மூடி வைத்த மாதிரி. ஒருநாள் காலையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிய உவமை இது." அறுபது தலையும் ஆடியது. கேட்கிறதாம். இல்லாத தட்டு எல்லோருக்கும் கேட்கிறதாம். கற்பகவல்லிகூட, "ஆமாக்கா, ஸ்ஸுங்குது" என்று இவள் காதில் சொன்னாள்.

எனக்குத் தோன்றிய உவமை. சலேத்மேரிக்குக் காதிரண்டும் கொதித்தன. தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் அவர் காதில் விழுந்து ஆறு வருஷமாயிற்று. சமையலறையில் இவள் கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்படியே கரண்டியோடு ஓடிவந்து, 'இதாங்க, இந்தச் சத்தந்தான், இதத்தான் ஒரு வாரமா தேடிக்கிட்டிருந்தேன்' என்று மூச்சிரைக்கச் சொன்னாள். அன்றைக்குத் தோசை கருகியது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, 'பேஷ்' என்றார். அந்த பேஷுக்காகவா இத்தனை வருஷம்? எழுந்து நின்று கத்திவிடலாமா? ஐயா, இது வேற ஆளு, நீங்க எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறீங்க. கத்தினால் என்ன ஆகும்? ஏன் உங்களுக்குத் தெரியவில்லை, பேராசிரியரே, என்று யாராவது கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதிலின்மேல் இவள் மாதா பேரைச் சொல்லிக் கையை வைத்திருக்கிறாள். ஆட்டோவுக்குள் அழுத முகம், மழைத்துளி ஒட்டிய மூக்குக்கண்ணாடி, பிள்ளை மாதிரி பிடித்த பிடி. நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனம். அவரை அறுபது பேர் முன்னால் நிறுத்தி இவர் செவிடு என்று சொல்லுகிற வாய் இவளுக்கு உண்டா? இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் காபியோடு நிறுத்திக்கொண்டார், இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று. அதுதான் எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல். இவள் பாசத்தை வைத்தே இவள் வாயைத் தைத்துவிட்டார். சரி, தைத்தது தைத்ததாக இருக்கட்டும், சத்தியத்தை மீறாமலே ஒரு பெயர் போட்டிருக்கலாமே, 'உடனிருந்து கேட்டவர் சலேத்மேரி' என்று மூன்று சொல். அதில் எந்தச் செவிடு தெரிந்துவிடும்?

பாட்டு மாறியது. அவர் பட்டி ரிச்சுக்குப் போயிருந்தார். மின்னல் கை, இரண்டு வயது ஆகும் முன்பே மேடையேறிய பிள்ளை, முன்கோபி, இரண்டு கைக்கும் பலத்தில் கடுகளவு வித்தியாசம் சொல்ல முடியாது. தாளில் எழுதிய இசையை அவருக்குப் படிக்க வராதாம். வேறொருவர் ஒருமுறை வாசிக்கக் கேட்டால் போதும், உட்கார்ந்து முழுசாக வாசித்துவிடுவாராம். அந்த இடம் வந்ததும் சலேத்மேரிக்கு எப்போதும் உடம்பு சிலிர்க்கும். படிக்காத காது. ஆனால் இன்றைக்குச் சிலிர்ப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பயம் கொஞ்ச நாளாகவே உண்டு, விடிந்ததும் வரும். படுக்கையில் கிடந்தபடியே காதைச் சோதித்துப் பார்ப்பாள், ஃபிரிட்ஜ் உறுமுகிறதா, பல்லி சத்தமிடுகிறதா, எதிர்வீட்டுக் குழாயில் துளி சொட்டுகிறதா. அறுபத்தாறு வயது. போன மாசம் ஒருநாள் பல்லி கேட்கவில்லை. அன்று பல்லியே கத்தியிருக்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இந்தக் காதும் ஒருநாள் போகும். அப்புறம் இவள் கேட்டாள் என்பதற்கு என்ன சாட்சி? கை வேலை செய்தவர்களுக்குச் செய்த பொருள் மிஞ்சும். கேட்டவளுக்கு என்ன மிஞ்சும்? எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் கேட்டதெல்லாம் காற்றோடு போனது, போகவேண்டியதுதான், அது ஊரார் பேச்சு. இது அப்படியில்லை. ஜோ ஜோன்ஸின் தட்டு எவ்வளவு திறந்திருந்தது, பெரிய சிட் எந்த இடத்தில் கையை எடுத்தான், எல்லாம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இவள் மட்டும் இல்லை. இவள் போன பிறகு யாராவது ஒருவர் இதைத் திறந்தால் காபி வாசனை வரும். அவ்வளவுதான் மிச்சம். அவள் புத்தகத்தை மடியில் குப்புறக் கவிழ்த்தாள்.

பேச்சு முடிந்தது. கைதட்டல் நீண்டது. கேள்வி நேரம் என்றார் இளஞ்சேரன், சுருக்கமாகக் கேட்கும்படி வேண்டிக்கொண்டு. முதல் ஆள் கேள்வி என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் தன் அமெரிக்கப் பயணத்தைச் சொன்னார். இரண்டாவதாகப் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார், கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீபன், நாற்பது வயதிருக்கும், கைவிரல்களில் பிளாஸ்டர், கனத்த குரல். "சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "ஜோ ஜோன்ஸுன்னு ஒண்ணு போட்டீங்களே. அதுல ஹை-ஹேட்டு எங்க சார் வருது? எனக்கு பிரஷ் சத்தந்தான் கேட்டுச்சு. எனக்கு வெளங்கல, அதான் கேக்குறேன்." சலேத்மேரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஒருவனுக்காவது காது இருக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது. தைரியநாதன் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. மறுபடி போடுங்க, இளஞ்சேரன்" என்றார். போட்டார்கள். பியானோ விழுந்தது, பாஸ் நடந்தது, பிரஷ் சுழன்றது. அவர் தலையைச் சாய்த்தார். புன்னகை மெல்ல இறங்கியது. நெற்றியில் வேர்வை பூத்தது. ஸ்பீக்கர் பக்கம் ஓரடி நகர்ந்தார், திரும்பி வந்தார். பிறகு, வீட்டில் செய்கிற மாதிரியே மோவாயைத் தூக்கி, மூன்றாம் வரிசையில் இவளைத் தேடிப் பிடித்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். மெல்லக் கேட்பதாகத்தான் அவர் நினைத்தார். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவருக்குத் தெரிந்து வருஷங்கள் ஆகின்றன.

"சலேத்து, என்ன பண்றான்? எனக்குக் கேக்கல."

மைக்கே தேவைப்படவில்லை, கடைசி வரிசைவரை போனது. அறுபது தலையும் ஒன்றாகத் திரும்பி இவளைப் பார்த்தன. ஆறு வருஷமாகக் கட்டிக் காத்த சத்தியம், இவள் ஒரு விரலைக்கூட அசைக்காமல், அவர் வாயாலேயே உடைந்து கீழே கிடந்தது. கற்பகவல்லி, "என்னக்கா சொல்றாரு?" என்றாள். இளஞ்சேரன் கெட்டிக்காரர், பாய்ந்து இன்னொரு மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா, உலகத்துக்கே பாடம் எடுத்தாலும் வீட்டம்மாகிட்ட பெர்மிஷன் கேட்டுத்தான் பதில் சொல்லணும்!" மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு, ஆளைக் காப்பாற்றுகிற சிரிப்பு. தைரியநாதனுக்கு என்ன சொன்னார்கள் என்று புரிந்திருக்காது, ஆனால் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்தார், தப்பித்தோம் என்று புரிந்துகொண்டார், தானும் சிரித்தார். பொன்னாடை குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் போதும் என்று ஆக்கியது. அவர் அங்கே நின்று அழுதிருந்தால் இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்திருப்பாள், எப்போதும் போல, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, கைவிரலால் வட்டம் போட்டுக் காட்டி. சிரித்தார். இவளையும் சேர்த்து விலைக்குக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். சலேத்மேரி எழுந்தாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்யவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. நான்கு படி ஏறினாள். இளஞ்சேரன், "அம்மா, நீங்க எதுக்கு, ஐயாவே..." என்று இழுத்தார். இவள் கையை நீட்டினாள், அவர் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"ஸ்டீபன் தம்பி கேட்டது சரி" என்றாள். தன் குரலை ஸ்பீக்கரில் கேட்டதும் ஒரு கணம் யாரோ என்று நினைத்தாள், எக்ஸ்சேஞ்சுக் குரல் அது, உயராமல் ஒரே மட்டத்தில் போகிற குரல். "இது ஜோ ஜோன்ஸ் இல்ல. இதுல ஹை-ஹேட்டும் இல்ல. நீங்க எல்லாரும் கேட்டேன்னு தலையாட்டினது எதுன்னு எனக்குத் தெரியல." சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் கண்ணைத் துடைத்தவர் கைக்குட்டையை மடித்து வைத்தார். கணவர் பக்கம் திரும்பினாள். அவர் இவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இருந்தது, ஆட்டோவில் பார்த்த அதே பயம், அதைப் பார்த்ததும் இவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவருடைய வலது கை தானாக ஜிப்பாப் பைக்குள் போனது. பேனாவை எடுத்தது. மேசைமேல் கிடந்த புத்தகத்தைத் திறந்து, முன்னாலிருந்த வெள்ளைத்தாளில் வைத்து, இவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தது. அறுபது பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அது யாரு, என்ன வாசிக்கிறான், எங்க கையத் தூக்குறான், எல்லாம் சொல்றேங்க" என்றாள் சலேத்மேரி, ஒவ்வொரு சொல்லாக, அவர் காதுக்கு எட்டுகிற ஸ்தாயியில். "முதல்ல என் பேர எழுதுங்க."

அவருக்கும் கேட்டது.